ஷாப்லி ஒயினைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

பிரெஞ்சு ஒயினைக் கற்க நினைப்பவர்கள் பலர் போர்தோ என்ற ஒயின் பகுதியில் ஆரம்பிக்கிறார்கள். அங்கே பல வகைத் திராட்சைகளைக் கலப்பதால் எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று பிடிபடவே நாளாகும். அதனால் ஷாப்லியில் தொடங்குங்கள் என்பேன். பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் பகுதியின் வடகோடியில் உள்ள சிறிய ஊர் இது. இங்கே ஷாப்லி என்ற பெயரில் விற்கும் ஒயின் முழுக்க ஷார்டொனே திராட்சைதான். இரண்டு பாட்டில்களின் சுவை வேறுபட்டால் மண், சரிவு, வானிலை, தயாரிப்பவரின் கைப்பக்குவம் இவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

படி 1: வரைபடம்

முதலில் ஊரை ஒட்டி ஓடும் செரான் ஆற்றை வரையுங்கள். அதன் வலது கரையில், ஊருக்கு எதிரே, தென்மேற்கைப் பார்த்த சரிவு ஒன்று இருக்கிறது. லெ க்ளோ, வால்மூர் உள்ளிட்ட 7 கிராண்ட் க்ரூ (மிக உயர்ந்த தரம்) தோட்டங்களும் அங்கேதான், ஒன்றையொன்று ஒட்டி. மதிய வெயிலை முழுதாக வாங்குவதால் பழம் நன்றாகப் பழுக்கும். அடுத்த தரமான பிரீமியர் க்ரூ இரண்டு கரைகளிலும் உண்டு: வலப்பக்கம் ஃபூர்ஷோம், இடப்பக்கம் வையோன்.

படி 2: மண்

நல்ல சரிவுகளில் இருப்பது கிம்மரிட்ஜியன் மண். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பும் களிமண்ணும். உடைந்த கல்லைப் புரட்டினால் நகத்தளவு சிப்பிகள் அப்படியே பதிந்திருக்கும். மேட்டு நிலத்தின் கடினமான சுண்ணாம்புப் பாறையில் விளைவது பெரும்பாலும் பெத்தி ஷாப்லி என்ற அடித்தர ஒயின். சிப்பியின் சுவை வேர் வழியாக ஒயினில் ஏறுகிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், அதற்குச் சான்று இல்லை.

படி 3: உறைபனி

இதைப் புரிந்துகொள்ளாமல் ஷாப்லி புரியாது. ஏப்ரலில் கொடி துளிர்விடும் நேரத்தில் இரவில் உறைபனி இறங்கும். ஒரே இரவில் அந்த ஆண்டு விளைச்சல் போய்விடலாம். விவசாயிகள் விடிய விடியத் தோட்டத்தில் கணப்பு மூட்டுகிறார்கள். சிலர் கொடிகள்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் துளிர் 0 டிகிரியை ஒட்டியே இருந்து பிழைக்கும். ஆனால் நடுவில் தெளிப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சேதம் இன்னும் கூடும். 2021 ஏப்ரல் உறைபனி விளைச்சலைக் கடுமையாகக் குறைத்தது.

படி 4: ருசி

கீழிருந்து மேலாக, பெத்தி ஷாப்லி, ஷாப்லி, பிரீமியர் க்ரூ, கிராண்ட் க்ரூ என்று தரம் நான்கு. முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின் ஷாப்லியையும் பிரீமியர் க்ரூவையும் அருகருகே ஊற்றுங்கள். அதிகம் குளிர வைத்தால் மணம் எழாது. 10 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். புளிப்பு, உடல்கனம் (வாயில் ஒயின் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பது), விழுங்கியபின் சுவை நிற்கும் நேரம், இந்த மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். கிராண்ட் க்ரூவில் சிலர் ஓக் பீப்பாய் பயன்படுத்துவார்கள், அதன் வாசனையை மண்ணின் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

அப்புறம் ஒரே தோட்டத்தின் 2018, 2021 இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னது வெயில் ஆண்டு, பின்னது குளிர்ந்த ஆண்டு. புளிப்பில் முதலில் தெரியும்.