காரைக்குடியில் சுட்டு சென்னையில் விற்க: ஆர்டர் போடும் கணக்கு

காரைக்குடியில் தேன்குழல் சுட்டுச் சென்னையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ஒரு வாரம் டின் காலி. அடுத்த வாரம் காறல் வாடை அடிக்கும் மிச்சம். விற்பனை சற்றே ஏறி இறங்க, ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஆடுகிறது. தகவல் தாமதமாக வந்து, அதற்கு அளவு மீறிப் பதில் கொடுத்தால் எந்த அமைப்பும் இப்படித்தான் ஆடும். அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் முன்வைத்த சைபர்நெட்டிக்ஸின், அதாவது இயந்திரமோ உயிரோ தகவலைக் கொண்டு தன்னைக் கட்டுப்படுத்துவதை ஆராயும் துறையின், அடிப்படைப் பாடம் இது. எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் 1950களின் இறுதியில் இதையே தொழிற்சாலை முதல் சில்லறைக் கடை வரையுள்ள சங்கிலியில் காட்டினார்.

முதலில் ஒரு நாள் சராசரி விற்பனையை எடுங்கள். கடைசி 14 நாள் பில்லைக் கூட்டி 14ஆல் வகுத்தால் போதும். 12 கிலோ என்று வைப்போம். ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து இறங்க 3 நாள், ஆர்டர் போடுவது 2 நாளுக்கு ஒருமுறை. ஆக 5 நாளுக்கு 60 கிலோ, கைகாவலுக்கு ஒரு நாள் விற்பனை 12 கிலோ. இலக்கு 72.

இலக்கிலிருந்து கடையிலுள்ள இருப்பைக் கழியுங்கள். சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராததையும் கழியுங்கள். இருப்பு 25, வர வேண்டியது 24 என்றால் ஆர்டர் 23 கிலோ. பலரும் இரண்டாவது கழித்தலை மறந்து 47 சொல்லிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும்போது, பயந்துபோய் அடுத்த ஆர்டரையே நிறுத்துவார்கள். ஆட்டம் தொடங்குவது இங்கேதான்.

இலக்கைத் தினமும் மாற்றாதீர்கள். சராசரி ஒரு கிலோ கூடினால் இலக்கு ஆறு கிலோ கூடும். வாரம் ஒருமுறை திருத்தினால் போதும். தீபாவளிக்கு மட்டும் பின்னூட்டத்தை, அதாவது நடந்த விற்பனையைப் பார்த்து ஆர்டரைத் திருத்துவதை, நம்பக் கூடாது. போன வருட பில்லைப் பார்த்து இலக்கை முன்கூட்டியே ஏற்றுங்கள். இலக்கை இறக்குவதையும் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி லோடு தீபாவளிக்கு மறுநாள் வந்து நிற்கும்.

தகவல் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். 1971 முதல் 1973 வரை சிலியில் அரசு ஆலைகளை நிர்வகிக்க, பிரிட்டிஷ் நிர்வாக அறிஞர் ஸ்டாஃபோர்டு பீர் அமைத்த சைபர்சின் திட்டத்தில், ஆலைகளின் கணக்கு டெலெக்ஸ் என்ற தட்டச்சுச் செய்திக் கருவி வழியாகத் தலைநகர் சாண்டியாகோவுக்குப் போனது. ஏதாவது பிசகினால் எச்சரிக்கை முதலில் அந்த ஆலைக்கே. உரிய நேரத்தில் சரியாகாவிட்டால்தான் மேலே. இன்றைய டெலிவரி செயலிகளில் இலக்கு கம்பெனியின் கையில், அளக்கப்படுவது தொழிலாளி; அவருக்குக் கணக்கே தெரிவதில்லை. அந்த வழி நமக்கு வேண்டாம். அன்றைய விற்பனையை வாட்ஸ்அப்பில் அடுப்படிக்கே அனுப்புங்கள். மாவு குறைவு, ஆள் வரவில்லை என்றால் அளவைக் குறைக்கும் உரிமை பலகாரம் சுடும் அக்காக்களுக்கு இருக்கட்டும். ஒரு நாளில் தீராதது மட்டும் முதலாளிக்கு வரட்டும்.

விற்பனையையும் ஆர்டரையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் விற்பனையைவிட ஆர்டர் அதிகம் ஆடினால், வர வேண்டிய சரக்கின் கணக்கைத்தான் முதலில் சரிபாருங்கள்.