பதினைந்தாம் நாள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்

(2021 அக்டோபரில், கொரோனாத் தடைகள் இருந்த நேரத்தில், சவூதிக்கு வேலைக்கு வர நினைத்த ஊர்த் தம்பிகளுக்கு எழுதியது. இதில் வரும் விதிகளெல்லாம் அந்த நேரத்துடையவை.)

திருநெல்வேலிப் பக்கம் நம் ஊரிலிருந்து தினம் இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், மேலப்பாளையம், பத்தமடை என்று எல்லாப் பக்கத்துப் பையன்களும். "அண்ணே, துபாய் வழியா சவூதிக்கு வரலாமாம்லா, நீங்க அப்படித்தான வந்திய?" என்கிறார்கள். ஆமாம், அப்படித்தான் வந்தேன். 2021 செப்டம்பர் 28 அதிகாலை சவூதியின் தம்மாமில் இறங்கினேன். ஆனால் அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஜனவரியில் கிளம்பி, ஷார்ஜாவில் நான்கு வாரம் கிடந்துவிட்டு, சவூதி மண்ணை மிதிக்காமலே களக்காட்டுக்குத் திரும்பினேன். பணம் போனது, எட்டு மாதச் சம்பளம் போனது. ஷிப்டுக்கு நடுவே ஒவ்வொருவருக்காக முழுதும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த அக்டோபரில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நிலவரம் தெரிந்ததுதான். 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து கொரோனாத் தடையால் இந்தியாவிலிருந்து நேராக இங்கே வர வழியில்லை. இங்கேயே இரண்டு ஊசியும் போட்டுவிட்டு லீவில் போன, இகாமா என்கிற சவூதிக் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஆகஸ்ட் 24-இல் நேர்வழி திறந்தார்கள். மற்ற எல்லாரும், தடை இல்லாத ஒரு நாட்டில் பதினான்கு நாள் தங்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். துபாயும் ஷார்ஜாவும் இருக்கிற அமீரகம் ஆகஸ்ட் 30-இல் ஊசி போட்டவர்களுக்கு விசிட் விசாவைத் திரும்பத் திறந்தது. செப்டம்பர் 8-இல் சவூதி அமீரகத்தைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் நம் ஆட்களுக்கு வழி பிறந்தது.

இப்படி நடுவில் ஒரு நாட்டில் தங்கிப் போவதை டிரான்சிட் என்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம். வள்ளியூரில் இறங்கி நாகர்கோவில் பஸ் ஏறுவது மாதிரி இல்லை இது. அந்த நாட்டு விசா வேண்டும், தங்க இடம் வேண்டும், பதினான்கு நாள் சாப்பாடு வேண்டும். சுருக்கமாக, நீங்கள் இரண்டு நாட்டுக்குப் பயணம் போகிறீர்கள்.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஏறியிருக்க வேண்டும், கோவின் தளத்தில் நீங்களே ஏற்றலாம். பெயரைப் பாருங்கள். நம் ஊரில் ஆதாரில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். சான்றிதழ் பாஸ்போர்ட்டைப் போலவே இருக்கட்டும். கோவிஷீல்டு போட்டவர்கள் அது அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிதான் என்று தெரிகிற மாதிரி சான்றிதழ் வாங்குங்கள். சவூதியின் பட்டியலில் இருப்பது அந்தப் பெயர்தான். இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் மத்திய அரசு சொல்லிவிட்டது. விசா நகலோடு போய்க் கேளுங்கள். இகாமாவும், திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி விசாவும் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று அப்ஷர் என்ற சவூதி அரசுத் தளத்தில் பாருங்கள். மன்னர் உத்தரவில் இலவசமாக நீட்டித்தது எல்லாருக்கும் தானாக ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டின் நகலையும் கைப்பையில் வையுங்கள். விசிட் விசாவில் போகிற ஆளை நம் நாட்டு விமான நிலையத்துக் குடியேற்றக் கவுண்டரில் கேள்வி கேட்பார்கள், ஈசிஆர் பாஸ்போர்ட் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படுகிற பாஸ்போர்ட்) என்றால் இன்னும் கூடுதலாக.

திருவனந்தபுரம் வழியாகத்தான் நம் ஆட்களில் பாதிக்கு மேல் போகிறார்கள். துபாய்க்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா டெஸ்ட் முடிவு வேண்டும், அதில் க்யூஆர் கோடு இருக்க வேண்டும். அது போக விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் ஒன்று எடுப்பார்கள். ஆகவே எப்போதும் கிளம்புகிற நேரத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஜனவரியில் எங்கள் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் மூலம் போனேன். பேக்கேஜ் 95,000 ரூபாய். விசிட் விசா, துபாய் டிக்கெட், ஷார்ஜாவில் ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, பிசிஆர், பிறகு தம்மாம் டிக்கெட், எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினேன். ஊரில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்த மனுஷன் என்றால் ரசீது கேட்க மாட்டோம். "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படியே விட்டேன்.

ஜனவரி 17 அதிகாலை இறங்கினோம். ஒரு ரூமில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். ஏழு பேர் ஒரே ஏஜென்ட். எட்டாவது ஆள் மேலப்பாளையத்துப் பையன், ரூம் மட்டும்தான் எங்களோடு. டிக்கெட்டை அவன் தனியாக எடுத்திருந்தான். என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்தேன், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து. யாரோ கொண்டுவந்த இட்லிப்பொடியைக் குப்பூஸ் ரொட்டியில் தொட்டுத் தின்றோம். ஜனவரி 31 ராத்திரி பதினான்காவது கோடு விழுந்தது. மறுநாளே விமானம் ஏறலாம்.

அன்றைக்கே ஏஜென்ட்டைப் போனில் கேட்டேன். "அவசரப்படாதிய அண்ணாச்சி. அஞ்சாந் தேதி ஏழு பேரையும் ஒண்ணா ஏத்தி விட்டுருதேன். தனித்தனியா எடுத்தா ஆளுக்கு நாலாயிரம் கூட வருது. மூணாந் தேதி எல்லாருக்கும் சேத்து டெஸ்ட் எடுத்துருவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் இருந்தோம், இன்னும் நாலு நாள்தானே. பிப்ரவரி 1 மேலப்பாளையத்துப் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நீரும் வந்துரும் ஓய், காசு போனாப் போவுது" என்றான். நான் போகவில்லை.

பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமை இரவு. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறோம். மேல் கட்டில்காரர் போனைப் பார்த்தபடியே எழுந்து உட்கார்ந்தார். சவூதி இருபது நாட்டுக்காரர்களுக்குத் தடை போட்டுவிட்டது, மறுநாள் இரவு ஒன்பது மணியிலிருந்து. ஒவ்வொரு பெயராக வாசித்தார். அர்ஜென்டினா முதலில். அதற்கு அடுத்த பெயரே அமீரகம். இந்தியா இருந்ததைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, அதைக் கடந்துதானே வந்திருக்கிறோம். நாங்கள் படுத்திருந்த நாடே பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே இருந்த பதினாறு நாளும் ஒன்றுக்கும் ஆகாமல் போயின.

மறுநாள் இரவு ஒன்பது மணி வரை நேரம் இருந்தது. இதை ஒவ்வொருவரும் நன்றாகக் கவனிக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட இருந்தது. விமானமும் இருந்தது. எங்கள் கையில் பிசிஆர் முடிவு இல்லை. அதைத்தான் மூன்றாம் தேதி சேர்த்து எடுப்பதாக வைத்திருந்தார்களே. விடிவதற்கு முன்பே போய் லைனில் நின்றோம். ரிசல்ட் வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் தேதி டிக்கெட்டாவது திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா என்று விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் இருந்த ஆறெழுத்து பிஎன்ஆர் என்ற புக்கிங் குறியீட்டைச் சொன்னேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, இது புக்கிங் மட்டும்தான் சார், டிக்கெட் போடவில்லை என்றார். இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள், காசு கட்டவே இல்லை.

ஆகவே தம்பிகளா, இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிக்கெட், அதாவது டிரான்சிட் நாட்டிலிருந்து சவூதிக்கான டிக்கெட், ஊரில் பெட்டி கட்டும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். பிஎன்ஆர் இருந்தால் டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தாளில் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் விமானக் கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் சரி. பதினான்கு நாள் முடிந்த பிறகு வருகிற முதல் விமானம் எதுவோ அதில் இடம் பிடியுங்கள். கூட்டத்தோடு போகலாம், மலிவாகப் போகலாம் என்று யார் சொன்னாலும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிசிஆரும் அப்படியே. சவூதிக்கு 72 மணி நேரம் செல்லும். பதின்மூன்றாம் நாளோ பதினான்காம் நாளோ நீங்களே நடந்து போய், உங்கள் காசில் எடுத்துவிடுங்கள். அவர்கள் வந்து கூட்டிப்போகும் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நாள் எண்ணுவதில் இறங்கிய நாளைச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட் முத்திரையில் இருக்கும் தேதிக்கு மறுநாள்தான் ஒன்று. செப்டம்பரில் நான் 12-ஆம் தேதி இரவு இறங்கினேன். 13 முதல் 26 வரை எண்ணி, 26 காலையில் டெஸ்ட் எடுத்து, 27 பின்னிரவு விமானம் ஏறினேன்.

பேக்கேஜ் எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மொழி தெரியாமல் முதல் தடவை போகிறவனுக்கு ரூமும் சாப்பாடும் ஒருவர் பார்த்துக்கொடுத்தால் நல்லதுதான். அதை மட்டும் அவரிடம் வாங்குங்கள். நடுவில் எல்லை மூடினால் மீதி நாள் வாடகை யார் கட்டுவது, திரும்பி வர டிக்கெட் யார் போடுவது என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எங்களுக்குப் பதினேழாம் நாளிலிருந்து சாப்பாடு வரவில்லை. இந்தியத் தூதரகம், சவூதிக்கும் குவைத்துக்கும் போக வந்தவர்கள் ஊருக்குத் திரும்புங்கள் என்று அறிவித்தபோது, என்னிடம் திரும்பும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. மச்சினன் அனுப்பித்தான் வந்தேன். விசிட் விசா முடிய ஒரு நாள் இருந்தது. திரும்பி வருகிற டிக்கெட் காசையும் பத்து நாள் சோற்றுக் காசையும் யாரும் தொடாத கணக்கில் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேறு நாடு வழியாகப் போனால் இதெல்லாம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிப்ரவரியில் அமீரக வழி அடைபட்டதும் நிறையப் பேர் காத்மாண்டு பக்கம் திரும்பினார்கள். ஏப்ரல் கடைசியில் நேபாளம், மூன்றாம் நாட்டுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எந்த நாடும் ஒரே ராத்திரியில் கதவைச் சாத்தும். அதில் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை, அவரவர் ஜனங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நாலாயிரத்துக்காக ஏழு குடும்பத்தை நாலு நாள் நிறுத்தி வைத்ததை மட்டும் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவோடு வாழைத்தோட்டத்தில் நின்றேன். ஏத்தன் குலை தள்ளுகிற நேரம். இருபது வயதில் விட்டுப் போன மண்வெட்டி, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மே மாதம் இரண்டாவது அலையில் பெரியப்பாவைத் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். அவர் பிழைத்து வந்தார். அந்த நேரம் நான் சவூதியில் ஜுபைலில் பைப் பிட்டிங் செய்துகொண்டிருந்தால் அவரை யார் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனாலும் வட்டி கட்ட வேண்டும். சங்கிலி இன்னும் மீளவில்லை.

இங்கே வந்த பிறகு வேலை குறைவு. வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் முகீம் என்ற சவூதித் தளத்தில் ஊசி விவரத்தைப் பதிந்து அந்தத் தாளை எடுத்து வாருங்கள், ஏர்லைன் கவுண்டரில் கேட்பார்கள். இறங்கியதும் பழைய சவூதி சிம்முக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நம்பர் செத்துப் போயிருந்தால் அப்ஷருக்கும், தவக்கல்னா என்ற சவூதியின் கொரோனாச் செயலிக்கும் ஓடிபி வராது. தவக்கல்னாவில் ஊசி போட்டவர் என்று காட்டாவிட்டால் கடை, ஆபீஸ் எதிலும் நுழைய விடமாட்டார்கள். சிம் போன ஆட்கள் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும், பெட்டியைப் பிரிப்பது பிறகு.

28-ஆம் தேதி அதிகாலை தம்மாம் விமான நிலையத்தில் மேலப்பாளையத்துப் பையன் வண்டியோடு நின்றான். எட்டு மாதத்தில் கொஞ்சம் தடித்திருந்தான். அவனும் நானும் அந்தப் பிப்ரவரியைப் பற்றிப் பேசவில்லை. பின்சீட்டில் டிபன் கேரியர் இருந்தது, ராத்திரியே வைத்த கூட்டாஞ்சோறு, முருங்கைக்கீரை போட்டது. ஜுபைல் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்திச் சாப்பிட்டோம். நீங்கள் வரும் தேதி உறுதியானதும் டிக்கெட் எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். பிஎன்ஆர் மட்டும் அனுப்பாதீர்கள். நாங்கள் இருவரில் ஒருவர் வந்து நிற்போம்.