‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’: செய்தி அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பக் குழுவிலும் குடியிருப்போர் குழுவிலும் நாள்தோறும் வந்து சேரும் செய்திகள் சிலவற்றின் அடியில் ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்று ஒரு வரி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். செய்தி மெய்யானால் நாலு பேருக்குச் சொன்ன புண்ணியம் தமக்கு, பொய்யானால் பழி வேறு யாருக்கோ என்ற ஏற்பாடு அது. நேரில் ஒருவர் வந்து இப்படிப்பட்ட சேதியைச் சொன்னால் ‘யார் சொன்னது, நீ பார்த்தாயா?’ என்று கேட்காமல் விடமாட்டோம். அதே சேதி கைப்பேசியில் வந்தால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. நம்மிடையே நிகழும் தவறுகள் பலவும் படிப்பறிவுக் குறைவால் வருபவை அல்ல. வாய்ப்பேச்சில் இயல்பாக இருக்கும் விழிப்பைத் திரையின் முன் கைவிடுவதால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒற்றை வரி பொறுப்பிலிருந்து விடுவிக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018-இல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், அதைத் தாம் எழுதவில்லை என்றும் படிக்காமலேயே பகிர்ந்துவிட்டதாகவும் வாதிட்டு வழக்கை நீக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அதை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. பகிர்ந்த பதிவை அவர் பின்னர் நீக்கியிருந்தார், மன்னிப்பும் கேட்டிருந்தார். இருந்தும் வழக்கிலிருந்து அவர் விடுபடவில்லை.

இரண்டாவது தவறு, அனுப்பியவர்மீது உள்ள நம்பிக்கையைச் செய்தியின்மீது ஏற்றிவிடுவது. சித்தப்பா பொய் சொல்லமாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் எழுதாத, அவருக்குத் தெரியாத எவரோ எழுதிய ஒன்றுக்கு அவருடைய நேர்மை எப்படிச் சான்றாகும்? பகிரப்பட்ட செய்தி என்பதைக் காட்டும் குறியை வாட்ஸ்அப் 2018-இல் கொண்டுவந்தது; பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி பின்னர் வந்தது. அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற வரம்பு 2020 ஏப்ரலில் விதிக்கப்பட்டது. இரட்டை அம்புக்குறியைப் பார்த்து ‘எல்லோரும் அனுப்புகிறார்கள், அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்’ என்று எண்ணுவோர் உண்டு. எழுதியவரை விட்டுச் செய்தி வெகுதூரம் வந்துவிட்டது என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற எண்ணம்

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. பொய்யாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை, உண்மையாக இருந்தால் நாலு பேர் எச்சரிக்கையாக இருப்பார்களே என்று கருதி அனுப்பப்படும் செய்திகள் இந்த வகை.

பத்து ரூபாய் நாணயத்துக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். ரூபாய்க்கான புதிய குறியீடு 2010-இல் ஏற்கப்பட்டு, 2011 ஜூலை முதல் நாணயங்களில் இடம்பெற்றது. அதனால் குறியீடு உள்ளதும் இல்லாததுமாக இருவகை நாணயங்களும் ஒரே நேரத்தில் புழங்கின. ‘குறியீடு இல்லாதது கள்ள நாணயம்’ என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியபோது, கையில் இருந்த நாணயத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு கண்ணெதிரே தெரிந்தது. அதுவே வதந்திக்குச் சான்றாகிவிட்டது. அவை யாவும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் அறிவித்தது. 14 வடிவமைப்புகளில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் மீண்டும் விளக்கியது. அதன் பிறகும் தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர் வாங்க மறுத்தார். வாடிக்கையாளர் வாங்கமாட்டார் என்பது அவர் சொன்ன காரணம். வாடிக்கையாளர் மறுத்ததற்கும் கடைக்காரரே காரணம். பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு பொய் நிலைத்து நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை: மற்றவர் நம்புகிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்தாலே போதும். 2022-இல்கூட, யாரும் வாங்காத இந்த நாணயங்களைச் சேர்த்து ஆறு லட்ச ரூபாய்க்குச் சேலத்தில் ஓர் இளைஞர் கார் வாங்கியது செய்தியானது.

நாணய வதந்தியில் இழப்பு பணத்தோடு நின்றது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி அப்படி நிற்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தினர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகித்த கும்பல் அவர்களைத் தாக்கியதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்தச் செய்தியை அதற்கு முன் குழுக்களில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பெற்றோராகவும் பாட்டி தாத்தாவாகவுமே இருந்திருப்பார்கள். அந்நியரைக் கண்டால் முதலில் எழ வேண்டிய எண்ணம் என்ன என்பதையே அவர்கள் அனுப்பிய எச்சரிக்கை மாற்றிவிட்டிருந்தது.

கண்ணால் கண்டதும் பொய்

பொய்ச் செய்தி என்றால் வெட்டி ஒட்டிய படம் என்றே பலர் எண்ணுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது. ஆனால் நம்மை ஏமாற்றும் காட்சிகளில் மிகப் பல, எந்தத் திருத்தமும் செய்யப்படாத உண்மைக் காட்சிகள். மாற்றப்படுவது இடமும் நாளும் காரணமும்தான். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் நின்ற சிறுவனைத் தூக்கிச் செல்லும் காணொளி 2018-இல் இந்தியா முழுவதும் சுற்றியது. அது குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் 2016-இல் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளும் இத்தகையவை. அவற்றுள் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இடையே நடந்த சண்டை என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் அச்சம் ஊர் ஊராகப் பரவி, பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

காணொளியில் ஒருவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டால்? அதுவும் போதாது. 2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை கலந்து உணவு தருகிறார்கள் என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத, தமிழ் பேசும் ஊழியர் மிரட்டலுக்கு நடுவே தட்டுத்தடுமாறிச் சொன்ன விடை வாக்குமூலமாகப் பதிவுசெய்யப்பட்டு முகநூலில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது, எந்த மொழியில், யார் சூழ நின்று, எதைக் கேட்டபோது அவர் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முப்பது வினாடிக் காணொளியில் அவற்றுக்கு இடம் இருப்பதில்லை.

தேதி பார்க்காமல் பகிர்வதும் எங்கும் காணப்படும் பிழைதான். காணாமற்போய் மீட்கப்பட்டுவிட்ட குழந்தையின் படமும், சிகிச்சை என்றோ முடிந்துவிட்ட நோயாளிக்கான இரத்தத் தேவையும் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. அதில் உள்ள எண்ணை ஒருமுறை அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். தொலைக்காட்சிகளின் பெயரில் வரும் நியூஸ் கார்டுகளோ, தேர்தல் நெருங்கினால் போலியாகப் பெருகுகின்றன. சின்னமும் நிறமும் எவரும் நகலெடுக்கக்கூடியவை; அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுவதே வழி. படம் ஐயத்துக்குரியதாக இருந்தால், படத்தைக் கொண்டே தேடும் வசதியான கூகுள் லென்ஸில் இட்டுப் பார்க்கலாம். முன்பே வெளியான படமாயின் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் வேறொரு தவறைச் செய்கிறார்கள்: எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியைப் பரப்பிய அதே கைப்பேசிகள்தாம் படகு எங்கே இருக்கிறது, உணவு எங்கே கிடைக்கும் என்ற சரியான தகவல்களையும் கொண்டுசேர்த்தன. எதையும் நம்பாதவர் இரண்டாவதையும் இழந்திருப்பார்.

திருத்தும் முறையிலும் பிழை நேர்கிறது. குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ‘இது பொய், பெரியப்பா’ என்று எழுதிவிட்டால், அவர் செய்தியை விட்டுவிட்டுத் தம் மதிப்பைக் காக்கத் தொடங்குவார்; அதன்பின் எந்தச் சான்றும் எடுபடாது. தனியே தொலைபேசியில் அழைத்துச் சொல்லி, திருத்தத்தை அவரே குழுவில் இடும்படி கேட்டுக்கொள்வது பலிக்கிறது. பொய்யெனத் தெரிந்ததும் ஓசைப்படாமல் அழித்துவிடுவதும் போதுமானதன்று. அதற்குள் அதைப் படித்து வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களுக்கு அழிப்பு போய்ச் சேராது. ஆகவே, எது தவறு, சரியான விவரம் என்ன, அது எங்கிருந்து கிடைத்தது என்று இரண்டு வரியில் எழுதி, தவறான செய்தி எந்தெந்தக் குழுக்களுக்குப் போனதோ அவை எல்லாவற்றுக்கும் அதையும் அனுப்ப வேண்டும்.