மானுக்கென்று நிலத்தைத் திருத்தப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

மான் வரட்டும், முயலும் காடையும் தங்கட்டும், நாலு பறவை கூடு கட்டட்டும் என்று ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருஷத்தில் சில மாதம் ஓய்வாகக் கிடைக்கும். வேட்டைப் பருவம் சட்டப்படி உள்ள நாடுகளில் அது முடிந்த பிறகு வரும் மாதங்கள், வேட்டையே கூடாது என்கிற இடங்களில் இலை உதிர்ந்து அடுத்த துளிர் வருவதற்கு முந்தைய மாதங்கள். நிலம் திறந்து கிடக்கும், உள்ளே நடக்கலாம், எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வேலை செய்ய நல்ல நேரம்தான். ஆனால் நான் பார்த்தவரை நிலத்துக்குப் பெரிய சேதம் நடப்பதும் இதே மாதங்களில்தான், அதுவும் நல்ல மனசோடு செய்கிற வேலையால்.

முதல் தவறு, சுத்தம் செய்வது. நமக்கு அழகு என்றால் தோப்பு மாதிரி இருக்க வேண்டும், அடியில் குப்பை இல்லாமல், இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். மானுக்கு அது நடுத்தெருவில் பாய் விரித்துப் படுக்கச் சொல்வது போல. மேய்ந்ததை அசைபோட அதற்கு ஒரு மறைவு வேண்டும், நாளில் பல மணி நேரம் அங்கேதான் படுத்திருக்கும். அந்த மறைவு இல்லாத இடத்தில் எவ்வளவு தழை இருந்தாலும் இருட்டிய பிறகு வந்து அவசரமாக நாலு வாய் கடித்துவிட்டுப் போய்விடும். நானும் ஒரு வருஷம் ஒரு சரிவில் முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்த புதரை இரண்டே நாளில் வெட்டித் தள்ளினேன். பாதிக்கு மேல் வெட்டிய பிறகுதான் உள்ளே தரையைப் பார்த்தேன்: சருகு அழுந்தி, வட்டமாக நாலைந்து பள்ளங்கள், ஒன்றிரண்டில் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது. மான் படுத்து எழுந்த இடங்கள். மிச்சத்தை அப்படியே விட்டேன், ஆனாலும் அடுத்த வருஷம் முழுக்க அந்தச் சரிவில் குளம்படி காணவில்லை, இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

அதனால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒருவரை அந்தப் புதருக்குள் தரையில் குந்தவைத்துவிட்டு இருபது இருபத்தைந்து தப்படி தள்ளிப் போய் நாலு திசையிலிருந்தும் பாருங்கள். ஆள் முழுசாகத் தெரிந்தால் அங்கே மறைவு ஏற்கெனவே குறைவு, எதையும் வெட்டாதீர்கள். ஆளே தெரியவில்லை என்றால் மான் அதை நிச்சயம் பயன்படுத்திக்கொண்டிருக்கும், அதையும் தொடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடங்களில்தான் உங்களுக்கு வேலை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புதர் என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் பரவிய உண்ணிச்செடி ஓர் இடத்தில் அடர்ந்துவிட்டால் அதன் அடியில் புல் முளைப்பது நின்றுபோகும், மானுக்குத் தீனி இருக்காது. இதை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுக்கிற விதத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டுக்கு ஐந்து தண்டாக வெடித்துக் கிளம்பும். வேர்க்கழுத்துக்குக் கீழே, மண்ணைக் கொஞ்சம் பறித்துவிட்டு வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவைக்க வேண்டும், வேர் வெயிலில் காய்ந்துவிடும். பழம் இருக்கும்போது வெட்டி இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம். எல்லாவற்றையும் விட முக்கியம், வெறும் மண்ணை வெறுமனே விடக் கூடாது. அந்த இடத்துக்கே உரிய புல்விதையைத் தூவாமல் விட்டால் அடுத்த மழைக்கு அதே செடி இரண்டு மடங்காக வந்து நிற்கும். பத்து ஏக்கரை ஒரே மூச்சில் அடித்துவிட்டு மறுபடி எட்டிப் பார்க்காமல் இருப்பதைவிட, ஒரு ஏக்கரை எடுத்து மூன்று வருஷம் விடாமல் பின்தொடர்வது மேல்.

சரி, மான் எதைத் தின்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் இதைப் பார்க்காமலேயே விதை மூட்டை வாங்கப் போய்விடுகிறார்கள். கடைக்குப் போகும் முன் செடிகளின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்ப்பல்லுக்கும் மேலே உள்ள தடித்த ஈறுக்கும் நடுவில் தழையைப் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் மான் கடித்த குச்சியின் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தது என்றால் கத்தியால் சாய்வாகச் சீவினது போல இருக்கும், அதுவும் தரையை ஒட்டி. ஒரு காலை நேரம் இதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் உங்கள் நிலத்தில் எந்தச் செடி முதலில் காலியாகிறது, எது வேறு வழியில்லாமல் கடிக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். மான் வழக்கமாக விரும்பாத செடிகளின் நுனிகூட கிழிந்திருந்தால், மானின் வாய் எட்டுகிற உயரம்வரை எல்லா மரத்திலும் கத்தரித்தது போல ஒரே மட்டத்தில் இலை இல்லாமல் இருந்தால், நிலம் தாங்குவதைவிட மான் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

அப்படிப்பட்ட நிலத்தில் இன்னும் மானை வரவழைக்க வேலை செய்வது பெரிய தவறு. 1944-இல் அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவில் 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கொன்று தின்ன எந்த விலங்கும் இல்லை, தின்ன நிறையப் பாசிப்பூஞ்சை இருந்தது. 1963-இல் எண்ணிக்கை ஏறத்தாழ 6,000. தின்றதெல்லாம் திரும்ப வளர்வதற்கு நேரமே கிடைக்கவில்லை, ஒரு கடும் குளிர்காலம் வந்தது, 1966-இல் போய்ப் பார்த்தபோது 42தான் உயிரோடு இருந்தன. தீவு என்பதால் போக இடமில்லை, நம் நிலம் அப்படி இல்லை என்று தோன்றலாம். ஆனால் சுற்றிலும் வேலியும் சாலையும் வயலும் இருக்கிற ஒரு சின்னக் காடு மானுக்குத் தீவு மாதிரிதான்.

அடுத்து கையால் தீனி போடுவது. இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை, செய்யாதீர்கள். மானின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தந்தப் பருவத்துத் தீனிக்குத் தக்கபடி மெல்ல மெல்ல மாறும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குச்சியும் மொக்கும் தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிற விலங்குக்கு முன்னால் திடீரென்று ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டினால், அந்த மாவுச்சத்து வயிற்றுக்குள் வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும். நாம் இரக்கப்பட்டுப் போட்ட தீனி வயிறு நிறைய இருக்கும்போதே மான் செத்துக் கிடக்கும். தப்பித்தாலும் வேறு ஆபத்து இருக்கிறது: இயல்பாகச் சிதறி மேயும் விலங்குகளை ஒரே தொட்டியில் மூக்கோடு மூக்கு வைத்துத் தின்னவைக்கிறோம். 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்துவைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட ஒரு மூளைநோய் இருக்கிறது, மான் உடல் இளைத்து இளைத்துச் சாகும், மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. பிரியான் எனப்படும் உருக்குலைந்த புரதம்தான் காரணம். எச்சிலிலும் சிறுநீரிலும் புழுக்கையிலும் வெளியேறி மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். வட அமெரிக்காவில் பல பகுதிகளுக்குப் பரவிவிட்டது, 2016-இல் நார்வேயில் காட்டுப் பனிமானிடமும் கண்டுபிடித்தார்கள். இதனாலேயே பல இடங்களில் மானுக்குத் தீனி போடுவதற்குத் தடை இருக்கிறது. உப்புக்கட்டி வைப்பதும் இதே கதைதான், பல வாய் நக்கும் ஒரே கல்.

தீனியை நிலம்தான் கொடுக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவது வெயில். மரங்கள் நெருங்கி மேலே கூரை போட்டுவிட்ட காட்டில் தரையிலிருந்து மானின் வாய் எட்டுகிற ஒன்றரை மீட்டர்வரை ஒன்றுமே இருக்காது. சில மரங்களை எடுத்து வெளிச்சத்தை இறக்கினால், மண்ணில் உறங்கிக்கொண்டிருக்கிற விதைகளே முளைத்து வரும், காசு கொடுத்து வாங்கும் கலவை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் எந்த மரம் என்பதை இலையில்லாத மாதத்தில் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள், பழமும் கொட்டையும் கொடுக்கிற மரத்தை அடையாளம் தெரியாமல் வெட்டிவிட்டு வருந்துகிறவர்கள் அதிகம். காய்க்கும் காலத்திலேயே ஒரு துணியைக் கட்டி வைத்துவிட வேண்டும், அப்புறம் அந்த மரத்தின் தலைக்கு இடைஞ்சலாக நிற்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும். பட்டுப்போய் நிற்கிற மரத்தை விறகாகப் பார்க்காதீர்கள். மரங்கொத்தி குடையும் பொந்தில்தான் ஆந்தையும் மைனாவும் பின்னால் குடியேறும். பறவை கூடு வைக்கும் காலம் தொடங்கிவிட்டால் வெட்டும் வேலையை அதோடு நிறுத்திவிட வேண்டும், பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

விதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஓய்வு மாதங்களில் செய்ய வேண்டிய வேலை இதுதான். குளோவர் போன்ற பயறினச் செடிகள் பெரும்பாலும் கார அமில அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் மண்ணைத்தான் விரும்பும். அமில மண்ணில் எவ்வளவு உரம் கொட்டினாலும் அதில் பாதி செடிக்குக் கிடைக்காது, அதிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு கட்டிக்கொண்டு நின்றுவிடும். சுண்ணாம்புத்தூள் மண்ணோடு கலந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், விதைக்கிற அன்று தூவிவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது. குளோவர் விதை கடுகைவிடச் சிறியது, அரை சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்தால் மேலே வரத் திணறும், உழுது மூடுவதைவிட மேலே தூவி மிதித்துவிட்டாலே போதும்.

விதைத்த இடத்தில் ஒரு கூண்டு வையுங்கள். கம்பிவலையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டி நாலு முளை அடித்தால் போதும். ஆறு வாரம் கழித்து வந்து பாருங்கள். உள்ளே முழங்கால் உயரம், வெளியே விரல் உயரம் என்றால் விதையும் மண்ணும் சரி, மான்தான் தின்றுகொண்டிருக்கிறது. உள்ளேயும் விரல் உயரம்தான் என்றால் தவறு மண்ணில். இந்தக் கூண்டு இல்லாமல் 'விதை சரியில்லை' என்று வருஷா வருஷம் விதையை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தண்ணீருக்குக் குழி தோண்டும்போது கரையைச் செங்குத்தாக விடாதீர்கள், ஒரு பக்கமாவது சாய்வாக இருக்கட்டும். சிமென்ட் தொட்டி என்றால் உள்ளே கற்களை அடுக்கி ஒரு சரிவு வையுங்கள், இல்லையென்றால் அணிலும் குருவியும் விழுந்து ஏற முடியாமல் மூழ்கும். வெட்டவெளியின் நடுவிலும் வேண்டாம், புதரின் ஓரமாக இருந்தால் கூச்ச சுபாவமுள்ள விலங்கும் வந்து குடிக்கும். புல்லுக்குத் தீ வைப்பது தனி வித்தை. அனுமதியும் அனுபவமும் தீத்தடுப்புக் கோடும் இல்லாமல் தொடவே கூடாது, அவை இருந்தாலும் முழு நிலத்தையும் ஒரே வருஷத்தில் கொளுத்தினால் ஒதுங்க இடமே இருக்காது.

புல் அறுக்கும் தேதியையும் இந்த ஓய்விலேயே குறித்துவையுங்கள். பிறந்து சில வாரம்வரை மான்குட்டி ஆபத்து வந்தால் ஓடாது, தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். நரிக்கு அது கண்ணில் படாது, உடம்பில் வாடையும் மிகக் குறைவு. ஆனால் இயந்திரத்துக்கு முன்னாலும் அது அதையேதான் செய்யும். ஜெர்மனியில் அறுவடைக்கு முன் விடியற்காலையில் வெப்பக் கேமரா பொருத்திய டிரோனை வயலுக்கு மேலே பறக்கவிட்டுக் குட்டிகளைத் தேடி எடுக்கிறார்கள். அது இல்லாதவர்கள் குட்டி போடும் காலம் முடியும்வரை தள்ளிப்போடலாம், முடியாவிட்டால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டு போகலாம், வளர்ந்த குட்டிகளும் பறவைகளும் ஓரத்துக்கு ஓட வழி கிடைக்கும். ஓரத்திலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டு வந்தால் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக வேலி. தாவும்போது மானின் பின்னங்கால் மேலே உள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டி முறுக்கிக்கொள்ளும், அதன் பிறகு அது தானாக விடுபடாது. மேல்கம்பி தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கட்டும், அதற்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் 30 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். கீழ்க்கம்பி முள் இல்லாததாக, 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் குட்டி நுழைந்து போய்விடும். பழைய வேலியைப் பிடுங்கியபோது புல்லுக்குள் விட்டுவந்த முள்கம்பிச் சுருள் இருந்தால், தழை மூடுவதற்குள் போய் எடுத்துவிடுங்கள்.