வயதான குதிரையை வேலையில் வைத்திருப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

குதிரைக்கு இருபது வயது நெருங்கியதும் "பாவம், இனி சும்மா இருக்கட்டும்" என்று லாயத்தில் கட்டிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் மூட்டு இறுகுவதும் முதுகுச் சதை கரைவதும் அந்த ஓய்வில்தான் வேகம் பிடிக்கும். வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் என்ற குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிசானர் இனக் குதிரைகள் இருபதைத் தாண்டியும் அரங்கில் இறங்குகின்றன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் குதிரையேற்ற வீராங்கனை இசபெல் வெர்த் தனிநபர் வெள்ளி வாங்கியபோது அவருடைய குதிரை பெல்லா ரோஸுக்கு வயது 17. வயதாகிறது என்று வேலையை நிறுத்த வேண்டாம், வேலையின் அளவை மாற்றினால் போதும்.

1. முதலில் வாயைப் பாருங்கள்

குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. தேய்ந்து, அதே அளவு மேலே வந்துகொண்டிருக்கும். இருபதுகளில் அந்த இருப்பு தீர ஆரம்பிக்கும். தீவனத் தொட்டிக்குக் கீழே பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடக்கின்றனவா, சாணத்தில் நீளமான நார் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இவை தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். பல் மோசமானால் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் பொடியாக நறுக்கி, தவிட்டோடு தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

கோடையிலும் உதிராத நீளமான முடி இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வயதான குதிரைக்கு வரும் கோளாறின் அடையாளம் அது. மாத்திரை உண்டு. அந்தக் குதிரைக்கு ஓட்ஸ், பார்லி, வெல்லம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும்.

2. நாடி எண்ணப் பழகுங்கள்

கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் பென்சில் தடிமனில் ஒரு நரம்பு போல உருளும். அதுதான் ரத்தக்குழாய். கட்டைவிரல் வேண்டாம், இரண்டு விரலால் மெல்ல அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரைக்கு வழக்கமாக எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வராவிட்டால் அன்று கொடுத்த வேலை அதிகம்.

3. நடை, நடை, நடை

இந்தச் செய்முறையின் உயிரே இதுதான். வாரத்தில் ஐந்தாறு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஐந்து நாள் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதுதான் கிழக் குதிரையைக் கெடுக்கும்.

முதல் இரண்டு வாரம் 20 நிமிடம் நடை மட்டும். கடிவாள வாரைத் தளர்த்திப் பிடியுங்கள், கழுத்தைக் கீழே நீட்டி நடக்கட்டும். லாயத்தை விட்டு வரும்போது முதல் சில எட்டு விறைப்பாகத்தான் இருக்கும், பத்து நிமிடத்தில் இளகிவிட வேண்டும். நடக்க நடக்க நொண்டல் கூடினால் உடனே திரும்பிவிடுங்கள். இளகும் குதிரைக்கு அடுத்தடுத்த வாரங்களில் 40 நிமிடம் வரை கூட்டி, நடுவே நேர்க்கோட்டில் ஓரிரு நிமிடம் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மெதுவோட்டம்) சேர்க்கலாம். ட்ராட்டுக்கு முன் எப்போதும் 15 நிமிட நடை உண்டு.

தரை முக்கியம். கடற்கரையின் ஆழ மணல் தசைநாரை இழுக்கும், தார் ரோடு மூட்டில் அடிக்கும். கெட்டியான மண் பாதைதான் நல்லது. சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டவே வேண்டாம்.

4. பின்பக்கத்துக்குப் பலம்

லேசான மேட்டில் மெதுவாக ஏறி இறங்குவது, தரையில் போட்ட மூன்று நான்கு கம்புகளைத் தாண்டி நடப்பது, நான்கைந்து எட்டு பின்னோக்கி நடப்பது, இவை போதும். குதித்துத் தாண்டுவதை விட்டுவிடலாம்.

முதுகுச் சதை குறைந்தால் பழைய சேணம் பொருந்தாது. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றும்போது வியர்வை ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏற்றலாம் என்பார்கள். வயதான குதிரைக்கு நான் அதைவிடக் குறைவாகத்தான் ஏற்றுவேன். 400 கிலோ குதிரை என்றால், சேணத்தோடு சேர்த்து 60 கிலோ.

5. வெயில்

வயதான குதிரையின் உடல் சீக்கிரம் சூடேறும், மெதுவாகத்தான் தணியும். சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் விடிந்து சிறிது நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள். சூடாக இருக்கும் குதிரை மீது தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். உடம்பு தணியும் வரை தொடர்ந்து ஊற்றலாம். தினமும் தீவனத்தில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு, பக்கத்திலேயே தண்ணீர். இவ்வளவு வெயிலிலும் வியர்க்கவே இல்லை, மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் அது நோய். சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

6. குளம்பு

லாடம் அடிப்பவரை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். முன்னங்குளம்பு நீண்டால் எட்டு தடுக்கும். வயதான குதிரையால் ஒரு காலை வெகுநேரம் தூக்கி வைத்திருக்க முடியாது, தாழ்வாகப் பிடித்து இடையிடையே இறக்கிவிடச் சொல்லுங்கள். குளம்பு சூடாக இருந்து, கணுக்காலுக்குப் பின்னால் நாடி வழக்கத்துக்கு மாறாகப் பலமாக அடித்தால் நடத்தவே கூடாது, அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலி மாத்திரை கொடுத்துவிட்டு சவாரி போவதும் வேண்டாம், வலி தெரியாத குதிரை அதே காலை இன்னும் கெடுத்துக்கொள்ளும்.

ஏறி ஓட்ட முடியாத நிலை வந்தாலும் கையில் பிடித்துக் காலையும் மாலையும் நடத்துங்கள், பகலில் முடிந்தவரை திறந்த இடத்தில் அவிழ்த்து விடுங்கள்.