டிராமின் தள உயரத்தை முடிவு செய்வது எப்படி?

முதலில் வண்டியை வரையாதீர்கள், நடைமேடையை வரையுங்கள். தெருவோரத்தில் 300 மி.மீ. மேடைதான் சாத்தியம் என்றால் தாழ்தள வண்டி. தனிப்பாதையில் 900 மி.மீ. மேடை கட்ட இடமிருந்தால் உயர்தளம். அதில் போகி (சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கித் திரும்பும் சட்டகம்), மோட்டார் எல்லாம் தளத்துக்குக் கீழே நிம்மதியாக அடங்கிவிடும்.

தாழ்தளத்தில்தான் தலைவலி. சக்கர விட்டம் 600 மி.மீ. என்றால் அச்சின் மையம் தண்டவாளத்திலிருந்து 300 மி.மீ. உயரத்தில் நிற்கும். தளமோ 350 மி.மீ. அச்சின் தடிமனையும் ஸ்பிரிங் அசைவையும் சேர்த்தால், பயணிகள் நடக்கும் நடுவழிக்குக் கீழே இடமே இல்லை. அச்சை நீக்கித் தனித்தனிச் சக்கரங்கள் வைக்கலாம். ஆனால் நேர்ப்பாதையில் தானாக நடுவுக்குத் திரும்பும் இயல்பு போய்விடும், சக்கர விளிம்பு தேயும். வளைவுகள் மிகுந்த பழைய பாதைக்கு நான் பகுதித் தாழ்தளத்தையே பரிந்துரைப்பேன்: கதவுகள் தாழ்ந்த பகுதியில், முனைப் போகிகளின் மேல் தளம் உயர்ந்து, அவை தாராளமாகத் திரும்பும்.

அடுத்தது தேய்மானம். இதைப் பலர் மறக்கிறார்கள். 600 மி.மீ. சக்கரம் 520 ஆகத் தேய்ந்தால் தளம் 40 மி.மீ. இறங்கும். கூட்டம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி இன்னும் இறங்கும். தளம் மேடையைவிடத் தாழ்ந்துவிட்டால், இறங்கும்போது சக்கர நாற்காலியின் முன் சிறுசக்கரம் மேடை விளிம்பில் முட்டி நிற்கும். நாற்காலியில் இருப்பவர் யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டும். அப்படி நேரவே கூடாது.

எனவே கதவோரத்தில் இரண்டு நிலைகளைக் கணக்கிடுங்கள்: புதுச் சக்கரத்தோடு காலி வண்டி; தேய்ந்த சக்கரத்தோடு நிறைந்த வண்டி. வித்தியாசம் அதிகமென்றால் தேய்மானத்தை ஈடுகட்டத் தகடுகள் செருக இடம் விடுங்கள். அமுங்கலுக்கு, உயரத்தைத் தானே சரிசெய்யும் காற்று ஸ்பிரிங்கைக் கேளுங்கள்.