பஞ்சாலைக் கடிதத்தாள்களின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பஞ்சாலைகளின் கடிதத்தாள்களிலும் பில்களிலும் தலைப்பிலேயே ஆலையின் படம் இருக்கும். செம்பு, எஃகுத் தகடுகளிலும் மரக்கட்டையிலும் செதுக்கியவை சில. கல்லச்சில் பதித்தவை சில. நுணுக்கமான வேலைப்பாடு. அந்த அழகே பார்ப்பவரைத் தவறான முடிவுகளுக்குக் கொண்டுபோகிறது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, படத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு மீதித் தாளை எறிந்துவிடுவது. எத்தனை பேல் (பொதி) பஞ்சு, எந்தத் துறைமுகத்திலிருந்து, என்ன விலைக்கு என்பதெல்லாம் படத்துக்குக் கீழே கையால் எழுதிய வரிகளில்தான் இருக்கிறது. மாசசூசெட்ஸின் லோவெல் ஆலைகள் நெய்த பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் விளைவித்தது. தலைப்புப் படத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்; பஞ்சுக் கணக்கின் வரிகளில்தான் அந்தத் தொடர்பு தெரியும். கத்தரிக்கோல் அறுப்பது அதைத்தான்.

படத்தைப் புகைப்படம்போல நம்பவும் கூடாது. அது விளம்பரம். பறவைப் பார்வையில் கட்டடத்தை நீட்டி, வாசலில் மனிதர்களைச் சிறியதாக வரைந்தால் ஆலை பிரம்மாண்டமாகத் தெரியும். புகைபோக்கியில் புகை சுருண்டால் தொழில் செழிக்கிறது என்று பொருள். நீராவி இயந்திரம் ஓடியதற்கு அது சான்றாகாது. 1820களில் எழுந்த லோவெல் ஆலைகளைச் சுழற்றியது மெரிமாக் ஆற்றின் கால்வாய் நீர்.

தேதியிலும் கவனம் தேவை. ஆண்டின் முதல் இலக்கங்களை மட்டும் அச்சிட்டு, மீதியை எழுத்தர் நிரப்புவார். ஒரே தகட்டைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், கையால் எழுதிய தேதி கடிதத்துக்கு உரியதே தவிர படத்துக்கு உரியதல்ல. மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் இருந்த பெம்பர்ட்டன் ஆலை 1860 ஜனவரி 10 அன்று இடிந்து பலரைப் பலிகொண்டது. பிறகு அதே இடத்தில் புதிய ஆலை எழுந்தது. இப்படிப்பட்ட ஆலையின் கடிதத்தாளில் நாம் காண்பது எந்தக் கட்டடம் என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ரசீதில் ஒட்டிய இரண்டு சென்ட் வரித்தலையை (வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டும், தபால்தலை போன்ற வில்லையை) நனைத்துப் பிரிக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வரிகளில் ஒன்றான ரசீது வரி 1864 முதல் 1870 வரை இருந்ததால், காலத்தைக் கணிக்க அது உறுதியான துணை. நனைத்தால், எழுதப் பயன்படுத்திய இரும்பு கலந்த மையும் கெடும்.

கிழிசலுக்கு ஒட்டுநாடா வேண்டாம், லேமினேஷன் அறவே வேண்டாம். பின்புறத்தையும் பாருங்கள்: எழுத்தர்கள் தாளை மடித்துக் கோப்பில் சேர்க்கும்முன் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் அங்கே குறித்து வைப்பார்கள்.